செல்வழியும் செவியின்பமும்

இசைக்கு உருகாத உள்ளம் இல்லை. அழும் மகவு தாலாட்டிற்கு அடங்கும்; ஏற்றம் இறைப்போனுக்குப் பாட்டே துணையாகும்; வலை இழுப்போருள் ஒருவர் குரலெடுக்க மற்றையோர் அதனைத் தொடர, வினையின் வருத்தம் தோன்றாது ஒழியும். வாளா நடப்போனுக்கு நெடிதாய்த் தோன்றும் வழி, பாடி நடப்போனுக்குக் குறுகிவிடுதலை நாம் அனைவரும் அறிவோம். ஆதலின், வழிச்செல்வோர் இசையைத் தம்மொடு கொண்டு செல்ல விரும்புதல் இன்று நேற்றுத் தோன்றிய வேட்கையன்று. அவ்வேட்கை இந்நாளில் மோட்டார் வண்டியினுள் புகுந்து நிறைவேறும் முறைகள் யாவை, அவற்றால் விளையும் நன்மை தீமைகள் யாவை, அவ்விடத்து நாம் மேற்கொள்ளத்தக்க நெறி யாது என்பவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வோம். கையில் அடங்கும் இசைக்கருவியைக் காரின் ஸ்டீரியோவோடு இணைத்தல் என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள். "இஃதும் ஒரு கட்டுரைக்குரிய பொருளோ? கடைக்காரரைக் கேட்பின் நொடிப்பொழுதில் இணைத்துத் தருவாரே!" என்று நகைப்பார் சிலர் உளர். இணைத்தல் எளிதே. இணைத்தபின் உடன் வருவாரோடும் வழியில் வாழ்வாரோடும் இணங்கி நடத்தலன்றோ அரிது? அது பற்றியே இதனை எழுதத் துணிந்தோம்.

சங்கப் புலவருள் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் என்பார் ஒருவர். ஓய்மாநாட்டை ஆண்ட நல்லியக்கோடன் என்னும் வள்ளலை அவர் பாடிய பாட்டே சிறுபாணாற்றுப்படை. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய அது 269 அடிகளால் இயன்றது. பரிசில் பெற்று மீளும் பாணன் ஒருவன், வறுமையால் வாடி எதிர்வரும் மற்றொரு பாணனுக்கு அவ்வள்ளலின் ஊருக்குச் செல்லும் வழியைக் கூறுவதாக அஃது அமைந்துளது. அவ்வழியிற் கூறப்படும் நெய்தல் நிலத்து ஊர் எயிற்பட்டினம். அது இக்காலத்து மரக்காணமே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் துணிபு. பேரியாழ் உடையார் பெரும்பாணர் எனவும், சீறியாழ் உடையார் சிறுபாணர் எனவும் பெயர் பெற்றனர். எனவே, எடுத்துச் செல்லற்கு எளிய சிறியதோர் இசைக்கருவியோடு இக்கடற்கரை வழியே சென்றோர் பண்டே இருந்தனர் என்பது தெளிவு. அப்பாட்டிலேயே, உப்பு வாணிகராகிய உமணரின் வண்டித்தொடரோடு வந்த மந்தி ஒன்று, உமணர்தம் சிறுவரொடு கூடி, கிளிஞ்சிலினுள் முத்தை இட்டுக் கிலுகிலி ஆட்டி மகிழும் காட்சியும் உண்டு. வண்டிப் பயணத்திடையே ஒலியின்பம் நாடிய முதற்கூட்டத்தார் இவர்களே என்று விளையாட்டாகக் கூறினும் அமையும்.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. பாணன் தன் யாழை எல்லார் செவியிலும் வலிந்து திணித்தானல்லன். கேட்பார் முகம் நோக்கினான், பொழுது நோக்கினான், பொழுதிற்கு ஏற்ற பண்ணைத் தேர்ந்தான், கேட்பார் சலித்தாராயின் நிறுத்தினான். இக்காலத்துக் கருவிக்கோ கேட்பார் முகம் தெரியாது, பொழுதும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டியவர் அக்கருவியைக் கையில் வைத்திருப்பவரே. இவ்வொன்றே இக்கட்டுரையின் உயிர்க்கருத்து என்று கொள்க.

மரக்காணத்திற்குத் தெற்கே, புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலைமேல் அமைந்த ஊர் பெரிய முதலியார்சாவடி. சாவடி என்னும் சொல் வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடத்தைக் குறிப்பது. பெயருக்கேற்ப இன்றும் இவ்வூர் வழிச்செல்வாரை ஏற்றுக்கொள்ளும் ஊராகவே விளங்குகின்றது. கிழக்கே கடல்; மேற்கே, 1968-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28-ஆம் நாள் தொடங்கப்பெற்ற ஆரோவில். சனி ஞாயிறுகளிலும் விடுமுறை நாட்களிலும் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வரும் வண்டிகள் இச்சாலையில் எறும்புச்சாரை போல் ஊர்கின்றன. அவ்வண்டிகளுட் பெரும்பாலானவற்றில் பாட்டு ஒலிக்கின்றது. சாலையோரம் நிற்பார்க்கு அப்பாட்டின் சொல்லும் பண்ணும் எட்டா. 'தொம் தொம்' என்னும் அடியொலி மட்டும் எட்டும். அதற்குக் காரணம் உண்டு. நுண்ணிய உயர்சுருதி ஒலிகளைக் காரின் கண்ணாடியும் தகடும் பெரிதும் தடுத்துவிடும். தாழ்ந்த சுருதியுடைய பருவொலியோ அவற்றை ஊடுருவி வெளிப்போந்து, வீட்டுச் சுவரையும் கடந்து உட்புகும். உள்ளிருப்பார்க்கு இசையாவது வெளியிருப்பார்க்கு வெறும் இடியாதல் இவ்வாறே.

இனி, இக்கருவிகள் தோன்றிய வரலாற்றைச் சுருங்கக் காண்போம். 1930-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுக் கால்வின் உடன்பிறந்தார், மோட்டோரோலா என்னும் பெயரால் காரில் அமைத்தற்குரிய வானொலிப் பெட்டியை விற்பனைக்குக் கொணர்ந்தனர். அந்நாள் தொட்டு நெடுங்காலம் வண்டியில் இருந்தோர் வானொலி நிலையத்தார் அளித்ததையே கேட்டனர். தாம் விரும்பியதைக் கேட்டாரல்லர். 1963-ஆம் ஆண்டில் பிலிப்ஸ் நிறுவனத்தார் சிறிய ஒலிநாடாப் பேழையாகிய கேசட்டை வெளியிட்டனர். 1979-ஆம் ஆண்டில் சோனி நிறுவனத்தார் வெளியிட்ட வாக்மேன், நடந்துகொண்டே கேட்கும் வாய்ப்பை நல்கியது. 2001-ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனத்தாரின் ஐப்பாடு ஆயிரம் பாடல்களைச் சட்டைப்பையில் அடக்கியது. அதன் உற்பத்தியும் 2022-ஆம் ஆண்டில் முடிவுற்றது; கைப்பேசி அதனையும் தன்னுள் விழுங்கிக்கொண்டது. மாந்தர் மாறிய அளவிற்கு வண்டிகள் மாறவில்லை. கையிலுள்ள கருவி ஈராண்டு மூவாண்டிற்கு ஒருமுறை புதிதாகின்றது. காரோ பதினைந்து ஆண்டும் ஓடுகின்றது. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள இடைவெளியை நிரப்பவே இணைப்பு முறைகள் பல தோன்றின.

அவற்றுள் முதலாவது, 'ஆக்ஸ்' என்று ஓட்டுநர் அனைவரும் வழங்கும் கம்பி. இதன் இரு முனையிலும் 3.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள முளை இருக்கும். அதன்மேல் இரண்டு கருவளையங்கள் காணப்படும். அவை உலோகத்தை மூன்று பகுதியாகப் பிரிக்கின்றன. நுனிப்பகுதி இடச்செவிக்குரிய ஒலியையும், நடுப்பகுதி வலச்செவிக்குரிய ஒலியையும் கடத்தும். அடிப்பகுதி இரண்டிற்கும் பொதுவாய நிலத்தொடர்பு. மூன்று வளையம் இருப்பின் பேச்சை வாங்கும் மைக்கிற்கும் ஒரு பகுதி உளது என்று அறிக. பண்டைத் தொலைபேசி நிலையங்களில் அழைப்புகளை இணைக்கப் பயன்பட்ட பெரிய முளையின் வழித்தோன்றலே இச்சிறுமுளை. ஒரு நூற்றாண்டிற்கு மேலாகியும் வடிவம் மாறாது பயன்படும் பொருள்கள் உலகில் மிகச் சிலவே. இஃது அவற்றுள் ஒன்று. 2016-ஆம் ஆண்டு தொடங்கிக் கைப்பேசிகள் சிலவற்றில் இதற்குரிய துளை நீக்கப்பட்டது. அத்தகைய கைப்பேசி உடையார் ஒரு சிறு இடையிணைப்பியை வாங்கிச் செருகிக்கொள்ளலாம்.

இரண்டாவது, கேசட்டு வடிவத்தில் அமைந்த இணைப்பி. ஒலிநாடா ஓட்டும் பழைய ஸ்டீரியோக்களுக்கு இது பொருந்தும். இதனுள் நாடா இல்லை. நாடாவிற்கு மாறாக ஒரு சிறு காந்தத் தலை உண்டு. கைக்கருவியிலிருந்து வரும் மின்னோட்டம் அதன்கண் காந்தப்புலமாக மாறி, ஸ்டீரியோவின் தலையை எய்தும். நாடா ஓடுவதாகக் கருதி ஸ்டீரியோ அதனைப் பாடிவிடும். அறிவுடையார் ஒருவர் இயந்திரத்தை நயமாக ஏமாற்றிய வகை இதுவாகும்.

மூன்றாவது, எஃப்.எம். பரப்பி. காரின் 12 வோல்ட் துளையில் செருகினால் இது சிறியதொரு வானொலி நிலையமாகிவிடும். 88 முதல் 108 மெகாஹெர்ட்சு வரையுள்ள அலைவரிசைகளுள் வெற்றிடமான ஒன்றைத் தேர்ந்து, அதே எண்ணில் காரின் வானொலியை வைத்தல் வேண்டும். குறை யாதெனின், ஓரிடத்தில் வெற்றிடமாயிருந்த அலைவரிசை மற்றோரிடத்தில் வேறொரு நிலையத்திற்கு உரியதாயிருக்கும். சென்னையிற் புறப்பட்டுப் புதுச்சேரியை நெருங்குவார், நாம் இட்ட பாட்டினிடையே வேறு யாரோ பேசுவதைக் கேட்டு மருளுவர். அவ்வமயம் ஓட்டுநர் எண்ணை மாற்றத் தலைப்படுவாராயின் விளைவு யாதாகும் என்பதைப் பின்னர்க் கூறுவாம்.

நான்காவது, யு.எஸ்.பி. வழி. பென்டிரைவிலோ கைப்பேசியிலோ உள்ள பாட்டு, ஒலியாக அன்றி எண்வடிவாகச் செல்ல, காரின் கருவியே அதனை ஒலியாக்கிக்கொள்ளும். ஐந்தாவது, கம்பியில்லாத புளூடூத். 1998-ஆம் ஆண்டில் நிறுவனங்கள் சில கூடி இதனை வளர்க்க ஒரு சங்கம் அமைத்தன. பத்தாம் நூற்றாண்டில் தென்மார்க்கு நாட்டை ஆண்ட ஆரால்டு என்னும் அரசனின் அடைபெயரே இதற்கு வைக்கப்பட்டது. பிரிந்திருந்த மக்களை அவன் ஒன்றுபடுத்தியது போல, வேறு வேறு கருவிகளை இஃது ஒன்றுபடுத்தும் என்பது பெயரிட்டோர் கருத்து.

இவ்வைந்தனுள் எது சிறந்தது? காலத்தால் பிந்தியதே சிறந்தது என்பது பொதுமக்கள் எண்ணம். எமது கருத்து அதனோடு மாறுபடும். பழைய வண்டி உடையார்க்கும், வாடகை வண்டியில் செல்வார்க்கும் ஆக்ஸ் கம்பியே முதற்கண் கொள்ளத்தக்கது என்பேம். அதற்குக் காரணம் மூன்று.

முதற்காரணம் சிக்கனம். ஸ்டீரியோ பழுதின்றி இருக்க, புளூடூத் இல்லையென்னும் ஒரே குறை பற்றி அதனைக் கழற்றி எறிவார் பலர். எறியப்பட்ட பெட்டியில் ஈயமும் செம்பும் பிளாஸ்டிக்கும் உள. அவை மக்கி மண்ணாவனவல்ல. சில நூறு ரூபாய்க்குள் அடங்கும் கம்பியொன்று அப்பெட்டியின் வாழ்நாளை இன்னும் பல்லாண்டு நீட்டும். துளையே இல்லாத பழம்பெட்டியாயினும், கேசட்டு இணைப்பியோ எஃப்.எம். பரப்பியோ துணைசெய்யும். வண்டியை ஓட்டிப் பிழைக்கும் ஏழை ஓட்டுநருக்கு இச்சிக்கனம் சிறிதன்று. மாற்றியே தீரவேண்டும் என்பார், 180 மில்லிமீட்டர் அகலமும் 50 மில்லிமீட்டர் உயரமும் உடைய பொது அளவுத் துளை தம் வண்டியில் உண்டோ என்று முதலில் அளந்து காண்க. அளவு பொருந்தாத பெட்டியை வாங்கிவிட்டுப் பலகையை அறுப்பவர் வண்டியையும் கெடுத்துக்கொள்வர்.

இரண்டாங்காரணம் மறைபொருட் காவல். புளூடூத்தால் இணைக்கும்பொழுது, "தொடர்புப் பெயர்களைப் பகிரலாமா?" என்று கைப்பேசி வினவும். படியாது 'ஆம்' என்று தொடுவோர் பலர். உடனே அவர்தம் உற்றார் உறவினர் பெயரும் எண்ணும் அவ்வண்டியின் நினைவில் பதிந்துவிடக்கூடும். வண்டி தம்முடையதாயின் கவலையில்லை. வாடகை வண்டியாயின், இறங்கிச் சென்றபின் அடுத்து ஏறுவார் அவற்றைக் காண இடமுண்டு. பெண்மக்கள் இதனைச் சிறப்பாகக் கருதுதல் வேண்டும். வாடகை வண்டியில் புளூடூத்தைப் பயன்படுத்தியோர், இறங்குமுன் காரின் பட்டியலிலிருந்து தம் கைப்பேசியின் பெயரை அழித்துவிட்டே இறங்குக. கம்பியோ ஒலியை மட்டும் கடத்தும். பெயரையும் எண்ணையும் கடத்தாது. உருவிக்கொண்ட பின் ஒரு சுவடும் அங்கு இராது.

மூன்றாங்காரணம் எளிமை. செருகியவுடன் பாடும், தேடல் இல்லை, எண் அழுத்தல் இல்லை. பழுது நேரின் அதன் இடமும் எளிதிற் புலனாகும். இவ்வுப்பளக் கரையில் நேரும் பழுது பெரும்பாலும் ஒன்றே. கடற்காற்றில் உப்பும் ஈரமும் கலந்து வீசுதலால், முளையின்மேல் மெல்லிய களிம்பு படரும். படரவே, கரகரவென்னும் ஒலி எழும். ஒரு செவிக்குரிய பாட்டு மறையும். கம்பியே கெட்டதென்று எறியாது, முளையை உலர்ந்த தூய துணியால் துடைத்துச் சிலமுறை செருகி எடுப்பின் பெரும்பாலும் குரல் மீளும். பொன்முலாம் பூசிய முளை களிம்பேறாது. ஆதலின் கடற்கரையார்க்கு அதுவே ஏற்றது. மற்றொரு குறையும் உண்டு. கம்பியால் இணைத்தபடியே கைப்பேசிக்கு அவ்வண்டியிலிருந்தே மின்னேற்றினால், எஞ்சின் விரைய விரைய உயரும் கீச்சொலி ஒன்று பாட்டினூடே எழுதல் உண்டு. இரு வழியாக நிலத்தொடர்பு அமைந்துவிடுதலே அதற்குக் காரணம். மின்னேற்றும் கம்பியை எடுத்துவிட்டால் அது நிற்கும். எடுக்க இயலாதார் இடையே பொருத்தும் தடுப்பியொன்றை வாங்கலாம். இன்னும் ஒன்று: கைக்கருவியின் ஒலியளவை நடுவிற்குச் சற்று மேலே நிறுத்தி, கூட்டலையும் குறைத்தலையும் காரின் திருகியிற் செய்க. கைக்கருவியை மிகத் தாழ்த்தினால் இரைச்சல் மிகும். மிக உயர்த்தினால் குரல் பிளவுபடும்.

இம்மட்டும் கருவியைப் பற்றிய கருத்து. இனி, கருவியைக் கையாள்வாரைப் பற்றிக் கூறுதும்.

வாடகை வண்டியில் ஏறியமர்ந்தவுடன் ஆக்ஸ் கம்பியைப் பற்றிக்கொள்ளும் இளைஞர் பலரைக் காண்கின்றோம். "வாடகை கொடுத்தவர் யாம், ஆகவே பாட்டும் எம்முடையதே" என்பது அவர் வாதம். இவ்வாதம் நேர்மையானது போலத் தோன்றும், ஆராயின் நில்லாது. வாடகை கொடுத்து நாம் பெற்றது இருக்கையும் பயணமுமேயன்றி ஓட்டுநரின் செவியன்று. சென்னையிலிருந்து இக்கரைக்கு மூன்று மணி நேரத்திற்கு மேலாகும் பயணம். அதற்கு முன்னும் அவர் வண்டி ஓட்டியிருப்பார், பின்னும் ஓட்டுவார். பயணிகள் உறங்கலாம், அவர் உறங்கலாகாது. நள்ளிரவில் காதைப் பிளக்கும் ஒலியைத் தாங்கிக்கொண்டு இருளில் சாலையைக் கூர்ந்து நோக்குமாறு அவரை வற்புறுத்துவது அறமோ? "ஒலியைக் குறையுங்கள்" என்று சொல்ல அவர்க்கு நா எழாது. எழுந்தால் கூலி குறையும் என்னும் அச்சம் உண்டு. எளியார் வாய்திறவாமையை இசைவென்று கொள்ளுதல் வலியார் வழக்கம். கற்றவர் அவ்வழக்கத்தை மேற்கொள்ளலாகாது.

ஆதலின் யாம் கூறும் முறை இது. வண்டியில் முதல் உரிமை ஓட்டுநரின் அமைதிக்கு உரியது. இரண்டாவது உரிமை உடன் வருவார் அனைவர்க்கும் பொது. கம்பியைப் பற்றியவர் உரிமை இறுதியிலேயே நிற்பது. "அண்ணே, இந்த ஒலி உங்களுக்குத் தடையாக இருக்கிறதா?" என்று புறப்படுமுன் ஒருமுறை கேட்பதால் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது. அவர் விரும்பும் பாட்டு ஒன்றையும் இடையே ஒலிக்கவிட்டால், மூன்று மணி நேரப் பயணம் முடிந்து பிரியும்பொழுது அயலாராகப் பிரியோம்.

இக்கருத்தைக் கிறிஸ்தவராகிய நாம் முதற்கண் நமக்கே கூறிக்கொள்ளல் வேண்டும். ஆலயத்தார் கூடி வேனிலும் பேருந்திலும் பயணம் செல்லுங்காலத்து, நம்முடைய கீர்த்தனைகளை ஊர்தோறும் உரக்க ஒலிக்கச் செய்வது உண்டு. பொருள் பக்தியாதலின் ஒலியளவிற்கு வரம்பு வேண்டுவதில்லை என்று நினைக்கின்றோம். வேற்றுச் சமயத்தார் தம் பக்திப் பாடலை அவ்வாறே ஒலிக்கச் செய்யின் நாம் முகம் சுளிக்கின்றோம். பிறர் நமக்குச் செய்ய வேண்டுமென்று நாம் விரும்புவதையே நாமும் பிறர்க்குச் செய்தல் வேண்டும் என்பது ஆண்டவர் மலைமேல் அருளிய கட்டளை. அக்கட்டளை ஸ்டீரியோவின் திருகிக்கும் பொருந்தும். அன்பு கலவாத பேச்சு எத்துணை உயர்ந்ததாயினும் வெற்றோசையே என்று பவுலடியார் கொரிந்தியர்க்கு உணர்த்தினார். அயலான் உறக்கத்தைக் கெடுத்து ஒலிக்கும் துதிப்பாட்டை அவர் எவ்வாறு மதித்திருப்பார் என்பதை எண்ணிப் பார்க்க.

"அங்ஙனமாயின் வண்டியில் பாட்டே வேண்டாம் என்று விட்டுவிடலாமே" என்பர் முதியோர் சிலர். அதுவும் எமக்கு உடன்பாடன்று. சவுல் அரசனின் கலங்கிய உள்ளத்தைத் தாவீது தன் சுரமண்டலத்தை இசைத்து ஆற்றினான் என்பது திருமறை வரலாறு. தனியே நெடுந்தொலைவு ஓட்டுவார்க்கு மெல்லிய பாட்டு உற்ற துணை. தாயும் சேயும் செல்லும் வண்டியில் அழும் குழந்தைக்கு அது தாலாட்டு. பிறந்த ஊரை விட்டுப் பிழைக்கச் சென்றார்க்கு அது தாய்மொழியின் வாசம். குற்றம் இசையின்பால் இல்லை. அளவின்பாலும் பொழுதின்பாலுமே உளது.

அளவு பற்றி ஆன்றோர் வகுத்த வரம்புகள் உள. உலக நலவாழ்வு நிறுவனத்தார் 2019-ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறியின்படி, முதிர்ந்தோர் ஒரு வாரத்தில் 80 டெசிபெல் ஒலியை 40 மணி நேரம் வரை கேட்கலாம். ஒலி ஏற ஏற அக்கால அளவு விரைந்து சுருங்கும். 3 டெசிபெல் ஏறின் காலம் பாதியாகும். நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஒலிமாசு விதிகள், குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபெல்லும் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபெல்லும் எல்லையென வகுத்தன. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சூழ்ந்த 100 மீட்டர் அளவும் அமைதிப் பகுதியாதற்கு உரியது. வண்டி ஓடிக்கொண்டிருத்தலால் இவ்விதிகளின் கருத்து நம்மைத் தீண்டாது என்று எண்ணுதல் தவறு. ஒரு வண்டி நொடியில் கடந்துவிடும் என்பது உண்மையே. ஆயின் அதன்பின் மற்றொன்றும், அதன்பின் பிறிதொன்றும் வருகின்றனவே!

அவ்வொலியைக் கேட்பார் யாவர் என்று சிறிது நினைமின். உப்பளத்தில் பாத்தி வாருவோர் வெயில் ஏறுமுன் வேலையை முடித்தற்பொருட்டு விடியற்கு முன்னரே எழுவர். கடலில் வலை வீசுவோரும் விடியுமுன் படகைத் தள்ளுவர். நகரத்தார்க்கு விடுமுறையாகிய சனிக்கிழமை இரவு, இவர்க்கு மற்றுமோர் உழைப்பு நாளின் முன்னிரவே. நாம் உண்ணும் சோற்றில் உப்பாகவும் மீனாகவும் இவர்தம் உழைப்பு உளது. அவ்வுழைப்பாளரின் மூன்று நாழிகை உறக்கத்தை நம் களிப்பிற்கு விலையாக வாங்குதல் முறையோ? பண்டு எயிற்பட்டினத்து நெய்தல் மாந்தர் வழிச்செல்லும் பாணர்க்கு விருந்தளித்தனர் என்று பாட்டுக் கூறும். விருந்தளிக்கும் மரபினர் வாயிலில் நாம் விருந்தினராகவே நடந்துகொள்ளல் வேண்டும்.

இன்னும் ஒன்று உளது. அஃது உயிரைப் பற்றியது. ஓடும் வண்டியில் ஓட்டுநர் தாமே கம்பியைத் தேடுதலும், அலைவரிசையை மாற்றுதலும், கைப்பேசியில் பாட்டைத் தெரிதலும் நாம் நாள்தோறும் காணும் காட்சி. மணிக்கு 60 கிலோமீட்டர் விரைவில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கும். பாட்டின் பெயரைப் படிக்க மூன்று நொடி கண்ணைத் தாழ்த்தினால், 50 மீட்டர் தொலைவு குருடர் ஓட்டிய வண்டியாகின்றது. பெரிய முதலியார்சாவடி போன்ற ஊர்களில் சாலை ஊரின் ஊடே செல்கின்றது. பள்ளிப்பிள்ளைகளும், மீன்கூடை சுமந்த மகளிரும், மிதிவண்டியில் வரும் முதியோரும் அச்சாலையைக் கடந்தே ஆகவேண்டும். அவ்வைம்பது மீட்டருள் யார் இருப்பார் என்று யாரால் கூற இயலும்? 2019-ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு, வண்டி ஓட்டுங்கால் கைப்பேசி போன்ற கருவியைக் கையாளுதலை ஆபத்தான ஓட்டுதலுள் வைத்துத் தண்டனை விதித்துள்ளது. சட்டத்திற்கு அஞ்சியேனும், அதனினும் மேலாகப் பிறர் உயிர்க்கு இரங்கியேனும் இதனைக் கைவிடல் வேண்டும். பாட்டின் நிரலைப் புறப்படுமுன் அமைத்துக்கொள்க. இடையில் மாற்றவேண்டின் உடன் இருப்பார் மாற்றுக. தனியே செல்வோர் வண்டியை ஓரமாக நிறுத்தி மாற்றுக. ஒரு பாட்டுப் பிடிக்காதாயின் அது முடியும் வரை பொறுத்தலும் ஆகாத காரியமோ?

இதுகாறும் கூறியவற்றால் போந்த கருத்து: பழைய ஸ்டீரியோவை இகழாது, எளிய கம்பியால் இணைத்துக்கொள்க; உப்புக்காற்றினின்றும் அதனைக் காத்துக்கொள்க; வாடகை வண்டியில் நம் மறைபொருளை விட்டுச் செல்லற்க; வண்டி புறப்படுமுன்னரே வேண்டுவன அமைத்துக்கொள்க; ஓட்டுநரைக் கேட்டு ஒலியை வைக்க; ஊர் வந்தால் ஒலியைத் தாழ்த்துக. இவற்றுள் ஒன்றேனும் பொருட்செலவு மிக உடையதன்று. ஒன்றேனும் நம் இன்பத்தைப் பறிப்பதன்று.

கல்லூரி மாணவராகிய நம்மிற் பலர் விடுமுறை தோறும் இக்கடற்கரைச் சாலையில் செல்கின்றோம். செல்லும் வண்டியில் ஆக்ஸ் கம்பி நம் கைக்கு வரும் நாளும் உண்டு. அது வரும்பொழுது, முன்னே அமர்ந்து ஓட்டுவாரையும், பின்னே உறங்குவாரையும், சாலையோரத்துச் சுவருக்கு அப்பால் படுத்திருக்கும் உழைப்பாளியையும் ஒருங்கே நினைந்து திருகியைத் திருப்புவோமாக. முத்தமிழுள் ஒன்றாகிய இசைக்கு நாம் செய்யத்தக்க மரியாதையும் அதுவே.